124 விநாடியில் முடிந்த சண்டை!

1938-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி இரவு.

அமெரிக்காவில், நியூயார்க் நகர யாங்கி ஸ்டேடியத்தில் 70 ஆயிரம் பேர் கூடி இருந்தார்கள். வர முடியாதவர்கள் ரேடியோ முன் காத்து இருந்தார்கள்.

உலகக் குத்துச்சண்டைப் பட்டத்துக்காக இரண்டு பேர் மோதினார்கள்.

ஒருவர் ஜோ லூயி. வயது 24. அமெரிக்கக் கறுப்பர். அப்போதைய உலக சாம்பியன்.

மற்றவர் மாக்ஸ் சுமெலிங். வயது 32. ஜெர்மானியர். முன்னாள் சாம்பியன்.

ஜெர்மனியை அப்போது ஹிட்லர் ஆண்டு வந்தார். "எங்கள் இனமே உயர்ந்த இனம்" என்பது அவருடைய கொள்கை. அதனால் இந்தச் சண்டை இரண்டு நாடுகளின் மானப் பிரச்சினை ஆகிவிட்டது!

ஏழை வீட்டுப் பிள்ளை

லூயி, அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். பிறர் நிலத்தில் பருத்தி பயிரிட்டுப் பிழைத்த குடும்பம். பிழைப்புக்காகப் பிறகு டெட்ராய்ட் நகருக்குக் குடியேறியது.

வயலின் கற்றுக்கொள்ளத் தாய் காசு கொடுத்தார். மகனோ, அதைக் குத்துச்சண்டை கற்கச் செலவிட்டதாகச் சொல்வார்கள்!

தொழில்முறைச் சண்டையில் தோல்வியே காணாமல் முன்னேறினார், லூயி. 1936-ல் முதல் அடி விழுந்தது. அடித்தவர் சுமெலிங்.

இடது கையால் குத்தியதும் லூயி அந்தக் கையைத் தாழ்த்திவிடுவார். இந்தக் குறையை சுமெலிங் கண்டுபிடித்து வைத்து இருந்தார். கை தாழும்போதெல்லாம் தன் வலது கையால் தாடையில் குத்தினார். 12-வது ரவுண்டில் லூயி சாய்ந்தார்.

மறு வருடம் பிராடக் என்பவரை வென்று லூயி உலக சாம்பியன் ஆனார். ஆனாலும் மனம் ஆறவில்லை. சுமெலிங்கை வெல்லாத பட்டம் பட்டமா?

மூன்று முறை விழுந்தார்

அந்த இரவும் வந்தது. மணி அடித்ததும் லூயி புலிபோலப் பாய்ந்தார். தலையிலும் விலாவிலும் குத்துகள் இறங்கின. சுமெலிங் வலியால் அலறினார். முதுகெலும்பில் முறிவு!

மூன்று முறை கீழே விழுந்தார். அவருடைய பயிற்சியாளர் துண்டை வீசினார். "தோல்வியை ஒப்புக்கொள்கிறோம்" என்று அதற்குப் பொருள். நடுவர் சண்டையை நிறுத்தினார்.

ஆன நேரம் 2 நிமிடம் 4 விநாடி!

அமெரிக்கா கொண்டாடியது. ஆனால் அதே அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பர்கள் வெள்ளையருடன் சமமாக உட்கார முடியாது. லூயியின் குத்து அந்தச் சட்டங்களை வீழ்த்தவில்லை. அதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

ஓட்டல் அறையில் இருவர்

சுமெலிங் ஹிட்லர் கட்சியில் சேராதவர். 1938 நவம்பரில் பெர்லினில் யூதர்களை விரட்டி விரட்டி அடித்தார்கள். அப்போது இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் ஓட்டல் அறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். அதைப் பெருமையாக அவர் சொல்லிக்கொண்டதே இல்லை. பிழைத்தவரில் ஒருவர்தான் 1989-ல் ஊரறியச் சொன்னார்.

யுத்தத்துக்குப் பிறகு சுமெலிங் வியாபாரத்தில் செழித்தார். லூயியோ வருமான வரிக் கடனில் மூழ்கினார். 1954-ல் சுமெலிங் அமெரிக்கா சென்று லூயியைச் சந்தித்தார். பழைய எதிரிகள் உயிர் நண்பர்கள் ஆனார்கள். கஷ்டத்தில் இருந்த நண்பருக்கு சுமெலிங் பணம் கொடுத்து உதவினார்.

1981-ல் லூயி இறந்தார். இறுதிச் சடங்குச் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தவரும் சுமெலிங்தான்! அவர் 2005-ல், 99-வது வயதில் காலமானார்.

அவர்களுடைய சண்டை 124 விநாடி. நட்போ, சாகும்வரை!