சூரிய மின்சாரத்திற்கு எந்தப் பியூஸ் பெட்டி?

மின்கம்பி எட்டாத காணிகளிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் வாழும் குடும்பங்கள் சூரியத் தகடு வாங்கி விளக்கேற்றிக் கொள்கின்றன. தகட்டையும் பற்றரியையும் விசாரித்து வாங்கும் நாம், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பியூஸ் பெட்டியைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. கிடுகு வீட்டைத் தீயிலிருந்து காப்பது அந்தப் பெட்டியே.

12 வோல்ற்றுப் பற்றரியைத் தொட்டால் கரண்ட் அடிக்காது. ஆனால் அதன் இரு முனைகளும் ஒன்றோடொன்று முட்டினால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து, வயர் சிவந்து எரியும்.

முதலில் கணக்குப் பார்ப்போம். 5 வாற்று விளக்குகள் நான்கிற்கு 20, மின்விசிறிக்கு 25, வானொலிக்கும் தொலைபேசிக்கும் 15. மொத்தம் 60 வாற்று. இதை 12 ஆல் வகுத்தால் 5 அம்பியர். 230 வோல்ற்றில் இதே வேலைக்குக் கால் அம்பியர் அளவே போதும். ஆகவே இங்கு தடித்த வயர் வேண்டும். இக்கணக்கிற்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் 10 அம்பியர் பியூசும் பொருத்தமானவை. பியூசின் அளவு நமது பாவனையை விடக் கூடியதாகவும், வயர் தாங்கும் அளவை விடக் குறைந்ததாகவும் இருக்க வேண்டும். பிரதான பியூசைப் பற்றரியின் நேர் முனைக்கு அருகிலேயே பொருத்த வேண்டும்.

அடுத்தது பிரேக்கரின் வகை. 230 வோல்ற்று ஆடலோட்டம் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடும். அப்போது சுவிட்சில் எழும் பொறி அணைந்துவிடும். பற்றரி தரும் நேரோட்டம் அப்படித் தணிவதில்லை. பொறி நீடித்துப் பெட்டியை உருக்கலாம். எனவே நேரோட்டத்திற்கென அளவு குறித்த பிரேக்கரையே கேட்டு வாங்குங்கள். சிறிய தொகுதிக்கு வாகனங்களில் பாவிக்கும் பியூசே போதுமானது.

பெட்டியில் ஒவ்வொரு வழிக்கும் தனிப் பியூஸ் இருக்கட்டும்; பின்னைய தேவைக்கு இரண்டு வழிகள் வெறுமையாக இருக்கட்டும். பற்றரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவருவதால் பெட்டியை அதற்கு நேர் மேலே பொருத்த வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே பலகையில் பூட்டினால், நிரந்தர வீட்டுக்குப் போகும்போது அப்படியே கழற்றிக் கொண்டு போகலாம்.

இன்வேட்டர் பூட்டினால் அதற்குத் தனியான தடித்த வயரும் தனிப் பியூசும் தேவை. பின்னர் மின்சார இணைப்புக் கிடைத்தால் அதற்கு வேறு பெட்டியும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் கலக்க வேண்டாம்.

பியூஸ் எரிந்தால் கம்பி சுற்றி ஒப்பேற்றாதீர்கள். அது ஏன் எரிந்தது என்று தேடித் திருத்திய பின், அதே அளவுப் பியூசைப் போடுங்கள். உதிரிப் பியூஸ் நான்கைந்து எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.