சிறு குற்றப் பதிவும் வேலைவாய்ப்பும் (புதுச்சேரி)

சிறு குற்றப் பதிவு என்பது அடிதடி, சிறு திருட்டு, பொது இடத்தில் மது அருந்தி இடையூறு செய்தல் போன்ற வழக்குகளால் ஒருவர் பெயரில் காவல்துறையிலும் நீதிமன்றத்திலும் உள்ள பதிவைக் குறிக்கும். அரசுப் பணியில் சேர்வதற்கு முன் விண்ணப்பதாரரின் முன்நடத்தை சரிபார்க்கப்படுவதால், இப்பதிவு வேலைவாய்ப்பைப் பாதிக்கக்கூடும்.

சட்டப் பின்னணி

பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த புதுச்சேரி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. இன்று இந்தியக் குற்றவியல் சட்டங்களே இங்கு நடைமுறையில் உள்ளன. சென்னை உயர் நீதிமன்றமே புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் ஆகும்.

குற்றம் சாட்டப்படுவதும் தண்டிக்கப்படுவதும் ஒன்றல்ல. வழக்கு நிலுவையில் இருப்பவர் குற்றவாளி அல்லர். சமரசத்திற்குரிய வழக்கில் இரு தரப்பும் சட்டப்படி சமரசம் செய்துகொண்டால், அது விடுதலைக்கு ஒப்பாகும்.

1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், தகுந்த வழக்குகளில் சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. அவ்வாறு விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு இல்லை என அதன் 12ஆம் பிரிவு கூறுகிறது. எனினும், இது குற்றத் தீர்ப்பையே அழித்துவிடாது எனத் தென்னக இரயில்வே தொடர்பான வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

18 வயதுக்கு உட்பட்டோருக்கு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கூடுதல் பாதுகாப்பு தருகிறது. கடுங்குற்றங்களில் சிறார் நீதிமன்றம் பெரியவராகக் கருதித் தீர்ப்பளித்த 16 வயது நிரம்பியோர் இதற்கு விதிவிலக்கு.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்

டெல்லி காவல்துறைப் பணிக்கு விண்ணப்பித்த சந்தீப் குமார், சமரசத்தில் முடிந்த பழைய அடிதடி வழக்கை விண்ணப்பத்தில் குறிப்பிடவில்லை. இளமையில் நேரும் சிறு தவறுகளுக்காக வாழ்நாள் முழுவதும் முத்திரை குத்தக்கூடாது என 2011இல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ரொட்டி திருடியதற்காகக் காலமெல்லாம் திருடன் எனப்பட்ட, விக்டர் ஹியூகோவின் கதைமாந்தர் ஜான் வால்ஜானையும் அத்தீர்ப்பு நினைவூட்டியது.

அவதார் சிங் வழக்கில் (2016) மூன்று நீதிபதிகள் அமர்வு வகுத்த நெறிகளுள் முக்கியமானவை:

- படிவத்தில் கேட்கப்பட்ட விவரங்கள் உண்மையாக இருக்க வேண்டும்.
- குறிப்பாகக் கேட்கப்படாத தகவலைத் தராதது மறைத்தல் ஆகாது.
- அற்பமான குற்றத்தை மறைத்திருந்தால், வேலையளிப்பவர் தம் விருப்புரிமைப்படி அதைப் பொருட்படுத்தாமல் விடலாம்.
- உண்மையைச் சொன்னவரையும் நியமித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

விண்ணப்பிக்கும்போது

“கைது செய்யப்பட்டீர்களா”, “வழக்குத் தொடரப்பட்டதா”, “தண்டிக்கப்பட்டீர்களா” என்பன தனித்தனிக் கேள்விகள். விடுதலையானவர் மூன்றாவதற்கு “இல்லை” எனலாம். முதல் இரண்டிற்கும் நடந்ததையே எழுத வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகலை வைத்திருப்பது பயன் தரும். தனியார் நிறுவனங்கள் பழைய வழக்கைக் காரணம் காட்டி மறுப்பதைத் தடுக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்கு உட்பட்டோர் முதலியோர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெறலாம். தேசிய உதவி எண் 15100.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் கடந்த பல தண்டனைகளைப் பெரும்பாலான வேலைகளுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. பிரான்சில் குற்றப் பதிவேடு மூவகைச் சான்றுகளாகத் தரப்படுகிறது. மிகக் குறைந்த விவரம் கொண்ட மூன்றாம் வகை, உரியவரிடம் மட்டுமே வழங்கப்படும். காலப்போக்கில் பழைய தண்டனையை மறக்கச் செய்யும் இத்தகைய பொதுச் சட்டம் இந்தியாவில் இன்னும் இயற்றப்படவில்லை.