நுரைக்கட்டியின் வைரம்

அலைச்சறுக்குப் பலகை ஒன்றைத் தம் கையாலேயே செய்து பார்க்க விரும்பும் வாசகர் ஒருவர், அதற்கு எத்தகைய ஃபோமை வாங்குவது என்று கேட்டு எழுதியிருக்கிறார். பலகையின் வடிவத்தையும் வர்ணத்தையும் பற்றி விசாரிப்பவர்கள் அநேகர். அதன் உள்ளே மறைந்து கிடக்கும் மூலவஸ்துவைப் பற்றி முதலில் விசாரிக்க வேண்டும் என்று இவருக்குத் தோன்றியது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

ஹவாய்த் தீவினர் விலிவிலி முதலிய மரங்களில் செதுக்கிய பலகைகளும், அவற்றுக்குப் பின் கலிபோர்னியாவில் பால்ஸா மரத்தால் செய்யப்பட்டவையும், 1958-ஆம் ஆண்டையொட்டி ஹோபி ஆல்டரும் கார்டன் கிளார்க்கும் பாலியூரிதேன் நுரையை அச்சில் வார்க்கும் முறையைச் செப்பம் செய்த பிறகு வழக்கொழிந்தன. அச்சிலிருந்து எடுத்த அந்த முரட்டு உருவமே பிளாங்க். அதை நடுவே நீளவாக்கில் அறுத்து, மெல்லிய மரச்சட்டம் ஒன்றை இடையில் வைத்து ஒட்டுவார்கள். ஸ்டிரிங்கர் எனப்படும் அச்சட்டமே பலகைக்கு முதுகெலும்பு. இதற்கு மாற்றாகப் பாலிஸ்டிரீன் பிளாங்க்குகளும் உண்டு. அவை நாம் தெர்மாகோல் என்று வழங்கும் பொருளின் இனம். எடை குறைவு என்பது அவற்றின் குணம். பலகையின்மேல் பூசும் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் கரைந்துபோகும் என்பதும், எபாக்ஸி ரெசினையே பூசியாக வேண்டும் என்பதும் அவற்றின் நிர்ப்பந்தம். முதன்முறையாகச் செய்பவருக்கு, இழைப்புளிக்கு இணங்கிக் கொடுக்கும் பாலியூரிதேனையே நான் சிபாரிசு செய்வேன்.

அந்தப் பாலியூரிதேனின் விசித்திர சுபாவம் ஒன்றுதான் என்னை நெடுநாள் வசீகரித்து வந்திருக்கிறது. இரு திரவங்கள் கலந்து அச்சுக்குள் பொங்கி எழும்போது, சுவரை ஒட்டிய நுரை நெருங்கி இறுகுகிறது; நடுவில் இருப்பதோ தாராளமாக விரிந்து மென்மையாகிவிடுகிறது. ஆகவே ஒரே கட்டியில், மேற்பரப்பிலிருந்து உள்ளே போகப் போக பலம் குன்றிக்கொண்டே வருகிறது. புறத்தே வைரம் கொண்டதைப் புல் என்றும், அகத்தே வைரம் கொண்டதை மரம் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். அந்தக் கணக்கில் இது புல்லின் ஜாதியைச் சேர்ந்தது. எங்கள் ஊரில் பனையைப் பிளக்கும் தச்சர், உள்ளிருக்கும் சோற்றைக் கழித்துவிட்டு, கறுத்து இறுகிய புறப்பகுதியை மட்டுமே பனங்கைக்கு எடுத்துக்கொள்வார். பலகை செய்பவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவருடைய இழைப்புளி முதலில் தின்பதே அந்த வைரத்தைத்தான்.

இதிலிருந்து தேர்ந்தெடுக்கும் விதி தானாகவே பிறக்கிறது. தவறு நேர்ந்தால் சமாளிக்கலாம் என்ற எண்ணத்தில், வேண்டியதைவிட மிகப் பெரிய பிளாங்க்கை வாங்கிச் செதுக்கித் தள்ளுகிறவர், திடமான நுரையையெல்லாம் தூளாக்கிவிட்டு, சோற்றின்மேல் கண்ணாடி இழைத்துணியைப் போர்த்துகிறார். அப்பலகை குதிகால் பட்ட இடமெல்லாம் குழிந்துவிடுகிறது. உத்தேசித்த பலகையைவிடச் சில அங்குலம் நீளமும், சிறிதளவே கூடுதல் பருமனும் இருந்தால் போதும். ராக்கர் என்னும் முன்பின் வளைவு பிளாங்க்கிலேயே ஏறத்தாழ அமைந்திருக்கிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இல்லாத வளைவை வருவிக்கப் புகுந்தால் ஆழமாக வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. குறைக்க வேண்டிய பருமனைப் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் குறைத்து, கால் ஊன்றும் மேல்தளத்தை இயன்றமட்டும் தொடாமல் விடுவது அனுபவசாலிகளின் சம்பிரதாயம்.

மேலே சொன்ன கிளார்க், 2005 டிசம்பர் 5 அன்று தம் பிளாங்க் தொழிற்சாலையை முன்னறிவிப்பின்றி மூடியபோது, அமெரிக்கப் பட்டறைகள் பல நுரைக்காகத் தவித்தன. அதுவரை மலிவாகவும் தடையின்றியும் கிடைத்த பொருளுக்கு அன்றுதான் மதிப்புத் தெரிந்தது. பொருள் மீண்டும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்த மதிப்பு மறந்துபோயிற்று என்பதே என் வருத்தம். இந்த நுரை மக்கி மண்ணாவதில்லை. செதுக்கிய தூளைக் காற்றில் விடுகிறவர், தாம் விளையாடப் போகும் கடலுக்கே அதை அனுப்புகிறார். அது சுவாசப்பைக்கும் தீங்கு. முகமூடியின்றி இழைப்புளியைத் தொடலாகாது.

கடைசியாக, பணம் கொடுக்கும் முன் பிளாங்க்கின் ஒரு முனையில் கண்ணை வைத்து ஸ்டிரிங்கர் நெடுகப் பாருங்கள். சட்டம் பக்கவாட்டில் கோணியிருந்தாலோ, இருபுறமும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டிருந்தாலோ, விலை எவ்வளவு குறைவானாலும் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள்.