உணவகத் தட்டும் உடல் எடையும்

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களுள் ஆறனை உண்ணும் முறைக்கே ஒதுக்கியுள்ளார். நோயைப் பற்றிப் பேச வந்தவர் பந்தியைப் பற்றியே மிகுதியும் பேசினார் எனலாம். வீட்டுப் பந்தியை விட்டு, கல்லூரி உணவகத்திலும் விடுதியிலும் உண்ணும் மாணாக்கர் நலம் கெடாமல் எடையைக் குறைக்கும் வழியை இங்குக் காண்போம்.

எடைக்கு முன் தூய்மை. சுங்குவார்சத்திரத்தில் உள்ள பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியொன்றில் 2021 டிசம்பரில் உணவு நஞ்சாயிற்று. 250க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவருள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் நெடுஞ்சாலையை மறித்தனர். மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில உரிய தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. நம் மாணவியர் பலர் பட்டம் பெற்றதும் செல்லும் பாதை இதுவே ஆதலின், இதனை அயலார் செய்தியாக நாம் கருத இயலாது. சமைத்த உணவு 5 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் நுண்ணுயிர்கள் பெருகும். ஆவி பறக்காத சோற்றை ஏற்க மறுப்பது அடம் அன்று.

இனி எடை. கிலோகிராமில் அளந்த எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் இருமடியால் வகுத்து வரும் எண் 23ஐத் தாண்டினால், நம் நாட்டவர்க்கு அது மிகை. 160 சென்டிமீட்டர் உயரமுடையவர்க்கு ஏறத்தாழ 59 கிலோ எல்லையாகும். அவ்வெல்லைக்குள் இருப்போர் எடை குறைக்க முயல வேண்டியதில்லை.

நம் தட்டின் குறை பழையது. 1918இல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராயச் சிறு கூடமொன்றைத் தொடங்கிய மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதியினர் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய் கலந்த சீக்கியர் உணவில் எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவிலோ நலிந்தன. அக்கூடமே பின்னர் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. நூறாண்டு கடந்தும் நம் உணவகத் தட்டில் சோறு மலையாகவும் பொரியல் ஊறுகாய் அளவிலும் இருப்பது வியப்பே! அந்நிறுவனத்தின் இன்றைய பரிந்துரை, தட்டில் பாதி காயும் கனியும் என்பது.

உணவகத்தில் இதற்கு இடமுண்டா? உண்டு. சோற்றை ஒரு கரண்டி குறைத்துப் பொரியலை இருமுறை கேட்கலாம். சாம்பாரை அடியிலிருந்து கலக்கி ஊற்றச் சொன்னால் பருப்பு கிடைக்கும். வடைக்கு மாற்றாகச் சுண்டல், அப்பளத்திற்கு மாற்றாக அவித்த முட்டை. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தர, ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தரும். பரோட்டாவும் சால்னாவும் எடை கூட்டும் கணக்கு இதுதான். தேநீரையும் மறத்தலாகாது. இரண்டு கரண்டிச் சர்க்கரையுடன் நாளுக்கு மூன்று குவளை என்றால் 30 கிராம். நாளின் எல்லையோ 25 கிராம். பிரியாணியைக் கைவிடுங்கள் என்று எழுதினால் இம்மலரை எவரும் புரட்டமாட்டார்; ஒருமுறை வாங்கி, வெங்காயப் பச்சடியை நிறைய இட்டுக்கொண்டால் போதும்.

காலை உணவைத் துறந்து மெலிய நினைக்கும் மாணவியர் பதினொரு மணிக்கு இரண்டு வடையில் தோற்கின்றனர். தமிழகப் பெண்டிருள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர். பட்டினி அதனை வளர்க்கும். வாரத்திற்கு அரைக்கிலோ குறைந்தால் போதுமானது.

எஞ்சியது நிர்வாகத்தின் பங்கு. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கு 2018 முதல் சட்ட வரம்பு உண்டு. குத்தகைதாரரிடம் விலையைப் பேசும்போதே எண்ணெயையும் பொரியலின் அளவையும் எழுதி வாங்கலாம். மாணவர் இருவரும் ஆசிரியர் ஒருவரும் நாள்தோறும் பந்திக்கு முன் சுவைத்துப் பார்த்துக் கையொப்பமிட, ஒரு குறிப்பேடு உணவகத்து வாயிலில் தொங்கட்டும்.