பக்கம் மாறினால் நாட்காட்டி நினைவூட்டும்



இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கரையோர மக்களுக்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டு புதியதன்று. இந்தியாவில் 1865-ஆம் ஆண்டில் கல்கத்தாத் துறைமுகத்தில் முதன்முதலாக இம்முறை தொடங்கியது. இன்று துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட குறிகள் ஏற்றப்படுகின்றன. வானிலை அலுவலகம் கடலைக் கவனிக்கிறது. துறைமுகம் குறியை ஏற்றுகிறது. மீனவர் அதைப் பார்த்துப் படகைக் கரையேற்றுகிறார். கவனிப்பவர், செய்தியைக் கடத்துபவர், செயல்படுபவர் ஆகிய மூவரும் சேர்ந்தால்தான் எச்சரிக்கை பயன் தரும்.

இதே அமைப்பை உங்கள் கைப்பேசியிலும் ஏற்படுத்திக்கொள்ள முடியும். அதன் செய்முறையை இங்கு காண்போம்.

ஏன் தேவை?

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரங்களில் பயிர் செய்யும் பல குடும்பங்களில் ஒருவராவது மணலியிலோ எண்ணூரிலோ ஷிப்ட் வேலைக்குச் செல்கிறார். உழவுக்குத் தேவையான அறிவிப்புகளோ இப்போது பெரும்பாலும் வலைப்பக்கங்களில் வெளியாகின்றன. தினமும் அவற்றைத் திறந்து பார்க்க நேரம் கிடைப்பதில்லை. பார்க்காத நாளில்தான் அறிவிப்பு மாறுகிறது.

இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

முதலாவது, பயிர்க் காப்பீடு. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு உழவர் செலுத்த வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் மட்டுமே. ஆனால் கடைசி நாள் தவறினால் அந்தப் பருவத்திற்குப் பாதுகாப்பு இல்லை. 2024-இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நவம்பர் 15 என்றிருந்த கடைசி நாள், பின்னர் நவம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டது. நீட்டிப்பை அறியாதவர் 'நாள் முடிந்துவிட்டது' என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடலாம்.

இரண்டாவது, ஏரி நீர்மட்டம். பூண்டி நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிரம்பும் நிலையில் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் திறக்கப்பட்டு, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது இந்த ஆற்றோர மக்கள் வெள்ளத்தின் துன்பத்தைக் கண்டனர். பூண்டி, புழல் உள்ளிட்ட ஏரிகளின் இருப்பைச் சென்னைக் குடிநீர் வாரியம் தன் வலைப்பக்கத்தில் நாள்தோறும் வெளியிடுகிறது.

மூன்று உறுப்புகள்

1. காவலாள்: டிஸ்டில், விஷுவல்பிங் போன்ற சேவைகள். நீங்கள் குறித்துக் கொடுத்த வலைப்பக்கத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் திறந்து, முன்பு எடுத்த படியுடன் ஒப்பிட்டு, மாறியிருந்தால் மின்னஞ்சல் அனுப்பும்.

2. தூதர்: ஜேப்பியர் போன்ற தானியங்கிச் சேவை. 'இது நடந்தால் அதைச் செய்' என்பதே இதன் வேலை. காவலாளின் அஞ்சல் வந்ததும் அதை நாட்காட்டிக்கு எடுத்துச் செல்லும்.

3. நாட்காட்டி: கூகுள் காலண்டர். உரிய நேரத்தில் ஒலி எழுப்பும். குடும்பத்தில் பலர் ஒரே நாட்காட்டியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

சிறு அளவில் பயன்படுத்த இம்மூன்றும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

செய்முறை

1. கூகுள் காலண்டரில் 'உழவு' என்ற பெயரில் தனி நாட்காட்டி ஒன்றைத் தொடங்கவும். வீட்டிலுள்ளோருடன் பகிரவும். நேர மண்டலம் இந்திய நேரமாக உள்ளதா என்று பார்க்கவும். கிரீன்விச் நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் பிசகும்.

2. காவலாள் சேவையில் பக்கத்தின் முகவரியைக் கொடுக்கவும். பக்கம் முழுவதையும் குறிக்காமல், தேவையான பகுதியை மட்டும் குறிக்கவும். முழுப் பக்கத்தையும் குறித்தால், பார்வையாளர் எண்ணிக்கை மாறினால்கூட அஞ்சல் வரும். வீண் அஞ்சல் பெருகினால் மெய்யான அஞ்சலையும் பார்க்காமல் விட்டுவிடுவோம்.

3. ஏரி நீர்மட்டம் நாள்தோறும் மாறும். எனவே அதற்கு மட்டும் நிபந்தனை சேர்க்கவும். டிஸ்டில் சேவையில் 'எண் இதற்கு மேல் போனால் மட்டும் தெரிவி' என்று அமைக்கலாம். பூண்டியின் இருப்புக் கட்டத்தைக் குறித்து, 2,800 என்று வைத்துக்கொண்டால் நிரம்பும் முன்பே செய்தி கிட்டும். பக்கம் நாளுக்கு ஒரு முறையே புதுப்பிக்கப்படுவதால், நாளுக்கு இரு முறை சோதித்தால் போதும்.

4. தூதர் சேவையில், 'காவலாளிடமிருந்து அஞ்சல் வந்தால்' என்பதை முதல் படியாகவும், 'உழவு நாட்காட்டியில் நிகழ்ச்சி உருவாக்கு' என்பதை இரண்டாம் படியாகவும் அமைக்கவும்.

5. நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தை, அஞ்சல் வந்த நேரத்திற்கு ஒரு மணி நேரம் கழித்துக் குறிக்கவும். நினைவூட்டலை 30 நிமிடம் முன்பு ஒலிக்கச் செய்யவும். அஞ்சல் வந்த நேரத்தையே தொடக்க நேரமாக வைத்தால், நினைவூட்டும் நேரம் முன்பே கடந்துவிட்டிருக்கும், கைப்பேசி ஒலிக்காது. பலர் தடுமாறும் இடம் இது.

மாற்றம் வேறு, கடைசி நாள் வேறு

காவலாளுக்குப் பக்கம் மாறியது என்பது மட்டுமே தெரியும். நாள் நீட்டிக்கப்பட்டதா, குறைக்கப்பட்டதா, எழுத்துப்பிழை திருத்தப்பட்டதா என்பதை அது அறியாது. ஆகவே தானாக உருவாகும் நிகழ்ச்சிக்குக் 'காப்பீட்டுப் பக்கம் மாறியது. படித்துப் பார்க்கவும்' என்றே பெயரிடவும். கடைசி நாளுக்கான நிகழ்ச்சியை நீங்களே கையால் பதியவும். அதற்குப் பத்து நாள் முன்பும் மூன்று நாள் முன்பும் நினைவூட்டல் வைக்கவும். மாற்றச் செய்தி வந்ததும் அறிவிப்பைப் படித்து, உங்கள் மாவட்டத்திற்கும் பயிருக்கும் பொருந்தினால் மட்டும் நாளைத் திருத்தவும்.

நீட்டிப்பு வரும் என்று காத்திருப்பது தவறு. பத்தாம் நாள் நினைவூட்டல் ஒலித்தவுடனேயே சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல்களைத் திரட்டி, பொது சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பதிவு செய்துவிடுங்கள். நீட்டிப்பு, தவறவிட்டவருக்கு உதவும் இரண்டாம் வாய்ப்பு மட்டுமே.

ஏரிச் செய்தி வந்தால் செய்ய வேண்டியவை

ஆற்றோர நிலமாயின் வடிகால்களைத் தூர் நீக்கி வைக்கவும். மேலுரமாக யூரியா இடுவதைத் தள்ளிப்போடவும். களத்திலுள்ள நெல்லை மேட்டிற்கு மாற்றவும். ஆயில் எஞ்சினையும் மோட்டாரையும் கழற்றிப் பாதுகாக்கவும். கால்நடைகளை மேடான இடத்தில் கட்டவும்.

கவனிக்க வேண்டியவை

* செய்தி வராததால் மாற்றமே இல்லை என்று கொள்ளக் கூடாது. வலைத்தளம் வடிவம் மாறினாலும், முடங்கினாலும் காவலாள் பேசாமல் இருந்துவிடக்கூடும். எனவே ஞாயிறுதோறும் 'நேரில் பார்' என்று ஒரு நிகழ்ச்சியை வைத்து, பக்கத்தை நீங்களே திறந்து பார்க்கவும்.

* கணினியின் உலாவியில் மட்டும் இயங்கும் காவல், கணினியை அணைத்தால் நின்றுவிடும். சேவை நிறுவனத்தின் கணினியில் இயங்கும் முறையைத் தேர்ந்தெடுக்கவும்.

* இம்முறையில் செய்தி வந்து சேரச் சிறிது தாமதம் ஏற்படும். வெள்ள அபாய வேளையில் இதை நம்பி இராமல் வருவாய்த் துறை அறிவிப்பு, தண்டோரா, வானொலி ஆகியவற்றிற்குச் செவிசாய்க்கவும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

* எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பக்கங்களை மட்டுமே கண்காணிக்கவும். வங்கிக் கடவுச்சொல், ஆதார் எண், ஓ.டி.பி. ஆகியவற்றை இச்சேவைகளில் எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம்.

* ஷிப்டின்போது கைப்பேசியை உள்ளே அனுமதிக்காத ஆலைகள் உண்டு. ஆகவே வீட்டில் இருப்பவர் ஒருவரின் கைப்பேசியிலும் இதே நாட்காட்டி இருப்பது அவசியம்.

முதலில் ஒரே ஒரு பக்கத்தில் தொடங்குங்கள். வரும் சம்பாவுக்குக் காப்பீட்டு அறிவிப்புப் பக்கமே போதுமானது. இரு வாரம் தடையின்றி நடந்தால் ஏரி நீர்மட்டத்தைச் சேர்க்கலாம். அதன்பின் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையையும் சேர்த்துக்கொள்ளலாம். அமைப்பதில் ஐயம் எழுந்தால் கல்லூரியில் படிக்கும் உங்கள் பிள்ளைகளை அருகில் அமர்த்திச் செய்யுங்கள். பயிர் பற்றிய ஐயங்களுக்குத் திருவள்ளூர் மாவட்டம் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். அறிவிப்பு காலத்தே கைக்கு வந்தால், 1.5 சதவீதக் கட்டணத்தில் முழுப் பருவத்தின் உழைப்பையும் காத்துக்கொள்ளலாம்.