முகம் என்னும் சந்தை – 9: ஹோம்ஸ்பர்க் சிறையின் முதுகுகள்

போன வாரம் போடாக்ஸ் ஊசி. இந்த வாரம் க்ரீம்.

வயதைக் குறைப்பதாகச் சொல்லி விற்கும் டப்பாக்களில் பெரும்பாலானவை தோலை ஈரமாக வைத்திருப்பதோடு சரி. ஆனால், முறையான சோதனைகளில் தேறி, வெயிலால் விழுந்த மெல்லிய சுருக்கங்களைக் குறைக்கும் என்று தோல் மருத்துவர்கள் ஏற்கும் பூச்சு மருந்து ஒன்று உண்டு. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ட்ரெட்டினாயின். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சில நொதிகளைக் கிளப்பிவிட, அவை தோலைத் தாங்கும் கொலாஜன் இழைகளை அறுக்கின்றன. ட்ரெட்டினாயின் அந்த நொதிகளை அடக்கி, புதிய கொலாஜன் உருவாக வழிசெய்கிறது. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் முகம் சிவக்கும், உரியும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. நம் ஊரில் இதையே ஸ்டீராய்டோடும் ஹைட்ரோகுயினோனோடும் கலந்த க்ரீமை, மங்குக்கு மருத்துவர் எழுதித்தர வேண்டியதை, சிவப்பழகு க்ரீம் என்று நினைத்து மருந்துக்கடையில் தாங்களாகவே வாங்கி வருடக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிய, முகத்தில் முடி முளைத்த பிறகுதான் மருத்துவரிடம் போகிறார்கள்.

இந்த மருந்தைப் பிரபலமாக்கியவர் ஆல்பர்ட் க்ளிக்மன், பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1951-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளுக்குப் பரவிய சேற்றுப்புண்ணைப் பார்க்க அவரை அழைத்தார்கள். உள்ளே போனபோது தன் கண்ணுக்குத் தெரிந்தது ஏக்கர் ஏக்கராகத் தோல்தான் என்று பின்னாளில் ஒரு நிருபரிடம் அவரே சொன்னார். மனிதர்கள் தெரியவில்லை.

1974 வரை அந்தச் சிறை சோதனைக்கூடமாக இருந்தது. கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். ஜாமீன் கட்டப் பணமில்லாமல் விசாரணைக்குக் காத்துக் கிடந்தவர்களும் பலர். சில டாலர்களுக்காக முதுகைக் காட்டினார்கள். அதில் கட்டம் கட்டமாக வாசனைப் பொருட்களையும் களிம்புகளையும் தடவினார்கள். டவ் கெமிக்கல் நிறுவனத்துக்காக டையாக்சின் என்ற கொடிய நஞ்சையும் பூசிப் பார்த்தார்கள். என்ன பூசப்படுகிறது என்று சோதனைக்கு உட்பட்டவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. ட்ரெட்டினாயின் பற்றிய ஆரம்பகால ஆராய்ச்சியும் இந்தச் சிறையின் தோல்களில்தான் நடந்தது.

1971-இல் ரெட்டின்-ஏ என்ற பெயரில் அது முகப்பரு மருந்தாக வெளிவந்தது. பூசிக்கொண்ட நடுவயதுப் பெண்கள் முகம் வழவழப்பாகிறது என்றார்கள். 1988-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 30 பேரிடம் 16 வாரம் சோதித்து, அதை உறுதிசெய்த செய்தி வந்ததும் மருந்துக்கடைகளில் கூட்டம் அலைமோதியது. 1995-இல் சுருக்கத்துக்கென்றே அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. லாபத்தில் யாருக்கு எவ்வளவு உரிமை என்று பல்கலைக்கழகமும் க்ளிக்மனும் வழக்காடினார்கள். அந்த வழக்கில் கைதிகளுக்கு இடமே இல்லை.

2000-இல் முன்னாள் கைதிகள் சுமார் 300 பேர் தாங்களே வழக்குத் தொடுத்தார்கள். காலம் கடந்துவிட்டது என்று சொல்லி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2010-இல் க்ளிக்மன் இறந்தார். பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2021-லும், ஃபிலடெல்ஃபியா நகர நிர்வாகம் 2022-லும் மன்னிப்புக் கேட்டன. கேட்டது சரி. ஆனால் அந்த மன்னிப்பு பணமாகவும் மருத்துவச் செலவாகவும் உயிரோடு மிஞ்சியிருக்கும் முதியவர்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவரை கணக்குத் தீராது.