நான்கு நிமிடச் சுருள்

பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய 1932-இல், கோடாக் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்காக 8 எம்எம் பிலிமையும் கேமராவையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிக்னிக், ஊர்வலம், பிறந்தநாள் என்று சாதாரணக் குடும்பங்களின் பொழுதுகள் படமாகத் தொடங்கின.

செலவைக் குறைத்த உத்தி அபாரமானது. உள்ளே போடுவது 16 எம்எம் அகலத்தில் 25 அடி பிலிம். முதல் ஓட்டத்தில் ஒரு பாதியில் மட்டும் படம் பதியும். நிழலில் நின்று சுருளைத் திருப்பிப் போட்டால் மறுபாதி. கழுவும் கூடத்தில் அதை நெடுக்காக இரண்டாக்கி ஒட்டித் தருவார்கள்: 50 அடி, வினாடிக்கு 16 படம் வீதம் சுமார் நான்கு நிமிடம். பழைய சுருளை ஓட்டினால் நடுவே ஆரஞ்சும் வெள்ளையுமாக வெளிச்சம் பாய்வதைப் பார்க்கலாம். சுருளை மாற்றும்போது புகுந்த அன்றைய வெயில் அது! அதை வெட்டி எறியவே கூடாது.

இந்த பிலிமுக்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவில் ஓடியதே திரையிலும் ஓடும். பெரும்பாலும் உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான்.

அதன் அருமையை உணர்த்துவது சற்றுப் பெரிய 16 எம்எம் பிலிமில் பதிவான ஒரு படம். அமெரிக்காவில் குடியேறிய டேவிட் கர்ட்ஸ், 1938-இல் ஐரோப்பியச் சுற்றுலாவின்போது தான் பிறந்த போலந்தின் நசியெல்ஸ்க் ஊரை மூன்று நிமிடம் படமெடுத்தார். சிறுவர்கள் கேமரா முன் முண்டியடிக்கிறார்கள். அங்கிருந்த சுமார் 3,000 யூதர்களில் நாஜிப் படுகொலைக்குத் தப்பியவர்கள் நூறு பேர்கூட இல்லை. பேரன் கிளென் கர்ட்ஸ் 2009-இல் சுருளைக் கண்டெடுத்தபோது பிலிம் சுருங்கிப்போயிருந்தது. வாஷிங்டனிலுள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் அதை மீட்டது. பிறகு ஒரு பெண், அதில் தெரியும் 13 வயதுச் சிறுவன் தன் தாத்தா என்று கண்டுகொண்டார். உயிரோடிருந்த அந்தப் பெரியவர் மற்ற சில முகங்களுக்கும் பெயர் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு சுருள் இருந்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால் அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆசையோடு புரொஜெக்டரில் மாட்டிவிடாதீர்கள். சுருங்கிய பிலிமின் துளைகள் பற்களில் உட்காராமல் கிழிந்துபோகும். விவரம் தெரிந்தவர்களிடம் கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள். பெரும்பாலான சுருள்களில் ஒலி இருக்காது. அதனால் வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துப் படத்தை ஓட்டி, அவர்கள் பேசுவதையும் ஒலிப்பதிவு செய்துவிடுங்கள்.